எர்னஸ்ட் பெவின்: வாசலில் நின்ற வல்லரசின் மந்திரி

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில், தாமரைத் தடாகமும் ஐயனார் கோயிலும் சூழ அமைந்தது கீழக்குயில்குடி. அவ்வூருக்கு நாம் அண்மையில் சென்றிருந்த சமயம், தேச விஷயங்களில் சிரத்தையுள்ள வாலிபர் சிலர் ஆலமர நிழலில் நம்மைச் சூழ்ந்துகொண்டு ஒரு கேள்வியைக் கிளப்பினர். பிரிட்டன் 1973ஆம் வருஷத்தில் ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்தது. 2020ஆம் வருஷத்தில் அதை விட்டு வெளியேறியது. சேர்ந்ததும் தாமதம், இருந்ததும் அரைமனது, பிரிந்ததும் பெருங்கலகம். இதற்கெல்லாம் மூலகாரணம் யாது என்பதே அவர்கள் கேள்வி.

இதற்கு ஒப்பந்த ஷரத்துக்களிலிருந்தும் வியாபாரக் கணக்கிலிருந்தும் விடை கூறலாம். ஆயினும், ஒரு மனிதருடைய சரித்திரத்தில் அவ்விடை விளங்குவதைப் போல வேறெதிலும் தெளிவாக விளங்காது என்பது நமது அபிப்பிராயம். அம்மனிதர் 1945 முதல் 1951 வரையில் பிரிட்டிஷ் அந்நிய நாட்டு மந்திரியாக விளங்கிய எர்னஸ்ட் பெவின். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்ப்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். தேசங்கள் ஒன்று சேரும் வேளை வந்தபோதோ தம் நாட்டை வெளியே நிறுத்திக்கொண்டார். இம்முரண்பாட்டை ஆராய்வது பொதுவாழ்வில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

பெவின் 1881ஆம் வருஷம் மார்ச்சு 9ந் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள ஸாமர்ஸெட் ஜில்லாவில் வின்ஸ்போர்டு என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை இன்னார் என்று அவர் அறியார். பாடுபட்டு அவரை வளர்த்த தாயும் அவருக்கு எட்டு வயதானபோது காலமானார். தமக்கையின் ஆதரவில் சொற்ப காலம் பள்ளிக்கூடம் சென்றவர், பதினோராவது வயதில் பண்ணை வேலைக்குப் போனார். பிறகு பிரிஸ்டல் துறைமுக நகரத்தை அடைந்து, பானப் புட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் குதிரை வண்டியை ஓட்டிப் பிழைத்தார். பாப்டிஸ்டு சபையாரின் கூட்டங்களிலும் தொழிலாளர் வகுப்புக்களிலும் கேட்டுக் கற்றதே அவருடைய கல்வி. சர்வகலாசாலையின் வாசலை மிதியாத இவர் பிற்காலத்தில் உலக வல்லரசுகளின் மந்திரிகளோடு சரிக்குச் சரி நின்று வாதாடினார் என்பதை, பட்டத்தையே யோக்கியதையாகக் கருதும் நம்மவர் சற்றுக் கவனிக்க வேண்டும்.

1910ஆம் வருஷத்தில் பிரிஸ்டல் வண்டியோட்டிகளைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு கிளையாகச் சேர்த்ததிலிருந்து அவருடைய பொதுவாழ்வு தொடங்குகிறது. பத்து வருஷத்தில் அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1920ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் துறைமுகத் தொழிலாளரின் கூலியைப் பற்றி ஷா பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் லண்டனில் கூடியது. முதலாளிகள் தரப்பில் தேர்ந்த வக்கீல்கள் ஆஜராயினர். தொழிலாளர் தரப்பில் பெவினே எழுந்து நின்று, நாட்கணக்கில் வாதாடினார். ஒரு தொழிலாளியின் குடும்பம் உயிர்வாழ இன்ன அளவு ஆகாரம் போதும் என்று பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டிருந்தார். பெவின் கடைத்தெருவுக்குச் சென்று அந்த அளவு பண்டங்களையே வாங்கிச் சமைப்பித்து, தட்டுக்களில் பங்கிட்டு மன்றத்தின் முன் கொண்டுவந்து வைத்தார். நாள் முழுவதும் மூட்டை சுமப்பவனுக்கு இந்தச் சிறு துண்டம் போதுமா என்று கேட்பதற்கு அதற்கு மேல் வார்த்தை வேண்டியிருக்கவில்லை. நாளொன்றுக்கு 16 ஷில்லிங் கூலி என்று மன்றம் சிபாரிசு செய்தது. சாட்சியத்தைக் கண்ணெதிரே நிறுத்துவது எப்படி என்பதில் வக்கீல் தொழில் செய்யும் எம்மனோர்க்கும் அவர் அன்று பாடம் கற்பித்தார்.

இங்கே கீழக்குயில்குடியை நினையாதிருக்க முடியவில்லை. மதுரை ஜில்லாவில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் முதலில் கொண்டுவரப்பட்ட ஊர்களில் இது ஒன்று. 1914ஆம் வருஷத்திலேயே இவ்வூர்க் கள்ளர் சமூகத்தார் மீது அச்சட்டம் பாய்ந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பிறந்த குலமே குற்றமாக, கைரேகை பதிந்து, இரவில் சர்க்கார் குறித்த இடத்தில் ஆஜராகிப் படுத்தெழ வேண்டியவர்களானார்கள். பெவின் லண்டனில் வாதாடி முடித்த சில வாரங்களில், 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ந் தேதி, இதே ஜில்லாவில் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்கள் மீது போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். லண்டன் துறைமுகத் தொழிலாளியின் பசிக்கு விசாரணை மன்றம் காது கொடுத்தது. பெருங்காமநல்லூர் விவசாயியின் மானத்திற்குத் துப்பாக்கியே பதில் கூறிற்று. இதற்குப் பெவினைப் பொறுப்பாளியாக்க நாம் முற்படவில்லை. அவர் அன்று அதிகாரத்தில் இல்லை. ஆனால் ஒரே கொடியின் கீழ் இருவகை நீதி நடைபெற்றது என்பதையும், அந்த ஏற்பாட்டின் நடுவே வளர்ந்தவர்களுக்கு அது இயற்கையாகவே தோன்றிற்று என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1922ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, பதினான்கு சங்கங்களை ஒன்றாக இணைத்துப் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெரும் ஸ்தாபனத்தைப் பெவின் தோற்றுவித்தார். இது இலேசில் நடந்த காரியமன்று. ஒவ்வொரு சிறு சங்கத்துக்கும் தனிப் பெயர், தனி நிதி, தனிக் காரியதரிசி. சேர்ந்துவிட்டால் தங்கள் சொல் எடுபடாமற் போகும், தங்கள் நிதியைப் பெரியவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். பெவின் அவ்வச்சத்தை ஏளனம் செய்யாமல் அதற்குப் பரிகாரம் கண்டார். ஒவ்வொரு தொழிலுக்கும் தன் விவகாரங்களைத் தானே கவனித்துக்கொள்ளும் தனிப் பிரிவு. எல்லோருக்கும் பொதுவான காரியங்களுக்குப் பொது நிர்வாகம். சொந்த உரிமையில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்தவன் அதை இழப்பதில்லை, பன்மடங்காகத் திரும்பப் பெறுகிறான் என்பதே அவர் சித்தாந்தம். இரண்டாம் உலக யுத்தம் மூள்வதற்கு முன்னரே அது பிரிட்டனின் மிகப் பெரிய தொழிற்சங்கமாய்விட்டது.

அவர் பார்வை உள்நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்கா சென்று, சுங்கத்தடை இல்லாத அந்தப் பரந்த சந்தையில் தொழில் செழிப்பதை நேரில் கண்டு திரும்பியவர், 1927ஆம் வருஷத்தில் எடின்பரோவில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரஸில், ஐரோப்பா முழுவதும் ஒரே பொருளாதாரப் பிரதேசமாக வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றினார். ஐரோப்பிய ஐக்கியம் என்பது பலருக்கும் பகற்கனவாக இருந்த காலம் அது. ஆனால் பின்னர் உலக வியாபார மந்தம் வந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் தலையெடுத்தார். ஐரோப்பா அவர் கண்ணுக்கு நம்பத் தகாததாயிற்று. 1938இல் ஆஸ்திரேலியா சென்று வந்த பிறகு, பிரிட்டனின் எதிர்காலம் கடல் கடந்த காமன்வெல்த் நாடுகளிடமே இருக்கிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உறைத்தது.

1940ஆம் வருஷம் மே மாதத்தில் சர்ச்சில் அவரைத் தொழில் மந்திரியாக அமைத்துக்கொண்டார். நாட்டிலுள்ள ஆண், பெண் அனைவரின் உழைப்பையும் யுத்தத்திற்குத் திரட்டும் அதிகாரம் அவரிடம் இருந்தது. சேனைக்குப் போக வேண்டிய வாலிபரில் ஒரு பகுதியினரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பியதால் அவர்களுக்குப் பெவின் பையன்கள் என்ற பெயர் ஏற்பட்டது. நம் நாட்டிலிருந்தும் 1941 முதல் அவருடைய திட்டத்தின்படி இளைஞர்கள் இங்கிலாந்து சென்று இயந்திரத் தொழில் பயின்று வந்தார்கள் என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

1945 ஜூலையில் தொழிற்கட்சி வெற்றி பெற்று அட்லி பிரதம மந்திரியானபோது, பெவின் அந்நிய நாட்டு மந்திரியானார். இனித்தான் நாம் சொல்ல வந்த விஷயம்.

யுத்தம் முடிந்த பிரிட்டன் பெயரளவில் வெற்றியாளி, பொக்கிஷத்தில் கடனாளி. இருப்பினும் உலகின் மூன்று வல்லரசுகளில் தாமும் ஒருவர் என்ற நினைப்பு அந்நாட்டு ராஜதந்திரிகளை விடவில்லை. தொழிற்கட்சியாரும் இதற்கு விலக்கல்லர். இந்தியாவை விட்டு வெளியேற நாள் குறிக்க அட்லி யோசித்தபோது, 1947ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, பெவின் அதை ஆட்சேபித்து அவருக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவில் பின்வாங்கினால் மற்ற இடங்களிலும் பிரிட்டனின் செல்வாக்கு சரியும் என்பது அவர் கவலை. அட்லி அசையவில்லை, பிப்ரவரி 20ந் தேதி தம் முடிவை அறிவித்தார். தொழிலாளியின் சுயமரியாதைக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவருக்கும், நாற்பது கோடி ஜனங்களின் சுயமரியாதை, செல்வாக்குக் கணக்கில் ஓர் இனமாகத் தோன்றியது.

இதே கண்ணோடுதான் அவர் ஐரோப்பாவையும் பார்த்தார். 1947 ஜூனில் அமெரிக்க மந்திரி மார்ஷல் ஐரோப்பாவுக்கு உதவி செய்யச் சித்தமாயிருப்பதாகக் கோடிகாட்டியதும், அதை நழுவவிடாமல் பற்றிக்கொண்டு பதினாறு நாடுகளைத் திரட்டியவர் பெவினே. 1948 ஜனவரி 22ந் தேதி பார்லிமெண்டில் அவர் மேற்கு ஐரோப்பிய ஐக்கியத்திற்கு அழைப்பு விடுத்தார். மார்ச்சு 17ந் தேதி பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து தேசங்களும் பிரஸ்ஸல்ஸில் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. 1949 ஏப்ரலில் பன்னிரண்டு நாடுகளின் அட்லாண்டிக் உடன்படிக்கை கையெழுத்தானதிலும் அவர் பங்கு மிகப் பெரிது. ஆதலின் பெவின் ஐரோப்பாவின் விரோதி என்று கூறுவது பெருந்தவறு. யுத்தத்தால் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவை எழுப்பி நிறுத்தியவர்களில் அவர் முதல் வரிசையைச் சேர்ந்தவர்.

ஆனால் அவர் கருதிய ஐக்கியம் வேறு. சர்க்கார்கள் ஒன்றோடொன்று கலந்து பேசலாம், உடன்படிக்கை செய்துகொள்ளலாம். அவற்றுக்கு மேலே ஒரு பொது அதிகாரம் கூடாது என்பது அவர் கொள்கை. மேலும், அவர் மனக்கோட்டையில் பிரிட்டன் தலைமை வகிக்கும். ஐரோப்பிய வல்லரசுகளின் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலுள்ள வளங்கள் அக்கூட்டுக்கு ஊட்டம் தரும். அமெரிக்காவுக்கும் ருஷியாவுக்கும் ஈடான மூன்றாவது சக்தி அதனால் பிறக்கும் என்று சிறிது காலம் அவர் நம்பினார். அந்த வளத்துக்கு உடையவர்களான ஆப்பிரிக்க ஜனங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அன்று ஐரோப்பாவில் எந்த மந்திரிக்கும் தோன்றவில்லை. கீழக்குயில்குடியாரைக் கேட்டா ரேகைச் சட்டம் வந்தது?

1948 மே மாதத்தில் ஹேக் நகரில் ஐரோப்பிய ஐக்கியவாதிகளின் மகாநாடு சர்ச்சிலின் முன்னிலையில் கூடியபோது, தொழிற்கட்சித் தலைமை தன் அங்கத்தினர்களைப் போகவேண்டாம் என்று தடுக்க முயன்றது. ஐரோப்பாவுக்கு ஒரு பொதுப் பார்லிமெண்டு வேண்டும் என்று பிரான்சும் பெல்ஜியமும் வற்புறுத்தின. பெவின் பிடிவாதமாக அதன் பல்லைப் பிடுங்கினார். 1949 மே 5ந் தேதி பத்து நாடுகள் லண்டனில் கையெழுத்திட்டு ஐரோப்பியக் கவுன்சில் பிறந்தபோது, ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய சபைக்கு ஆலோசனை கூறும் உரிமையன்றி ஆணையிடும் உரிமை கிடையாது.

1950 ஜனவரியில், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், பெவின் கொழும்புக்கு வந்து காமன்வெல்த் மந்திரிகளின் மகாநாட்டில் கலந்துகொண்டார். நேருஜியும் அங்கே இருந்தார். கொழும்புத் திட்டம் என்னும் பொருளாதார உதவி ஏற்பாடு அம்மகாநாட்டிலிருந்து உண்டானது. முந்திய வருஷம் ஏப்ரலில் இந்தியா குடியரசாகவே காமன்வெல்த்தில் நீடிக்க வழி செய்யப்பட்டிருந்தது. கொழும்பில் தம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆசிய மந்திரிகளைப் பார்த்த பெவினுக்கு, பழைய சாம்ராஜ்யமே புது உருவில் தழைக்கிறது என்ற தைரியம் பிறந்திருக்கக் கூடும். உண்மையில் அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் பிரிட்டனுக்குப் பக்கபலமாக வந்தவர்களல்லர். சொந்தக் காலில் நிற்க வந்தவர்கள்.

நான்கு மாதம் கழித்து, மே 9ந் தேதி, பிரெஞ்சு அந்நிய நாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிரான்சு, ஜெர்மனி இரண்டின் நிலக்கரியும் உருக்கும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வரட்டும்; விருப்பமுள்ள மற்ற நாடுகளும் சேரட்டும்; யுத்தத்துக்கு வேண்டிய பண்டங்களே பொதுவாகிவிட்டால் யுத்தம் செய்வது எவ்வாறு என்பதே அதன் சாரம். ழான் மோனே என்பவரின் மூளையில் உதித்தது இத்திட்டம். அமெரிக்க மந்திரிக்கு முன்கூட்டியே தெரிந்த இவ்விஷயம் தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று பெவின் சினந்தார். தத்துவத்தை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மகாநாட்டுக்கு அழைப்பு என்று பிரான்சு கூறி, ஜூன் 2ந் தேதிக்குள் பதில் கேட்டது. அன்று அட்லியும் நிதி மந்திரி கிரிப்ஸும் வெளிநாட்டில், பெவின் ஆஸ்பத்திரியில். ஹெர்பர்ட் மாரிஸன் தலைமையில் கூடிய மந்திரிசபை மறுப்புத் தெரிவித்தது. பெவினும் அதற்கு உடன்பட்டவரே.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் நடுநிலையோடு கூற வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களை 1947 ஜனவரியில்தான் தேசிய உடைமையாக்கியிருந்தார்கள்; உருக்குத் தொழிலை உடைமையாக்கும் சட்டம் அப்போதுதான் நிறைவேறியிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்றதை, தேர்தலில் நின்றறியாத அந்நிய நிபுணர்களிடம் ஒப்படைக்கச் சுரங்கத் தொழிலாளர் இசைவார்களா? பிரிட்டனின் வியாபாரத்தில் பெரும்பங்கு காமன்வெல்த்தோடும் ஸ்டெர்லிங் பிரதேசத்தோடும் நடந்தது. பிரான்சில் மந்திரிசபைகள் அடிக்கடி கவிழ்ந்தன. ஜெர்மனி நேற்றைய சத்துரு. இவையெல்லாம் அற்பக் காரணங்களல்ல. சுயாட்சியின் அருமையை அறிந்த நாம் அவற்றை எள்ளி நகையாடலாகாது.

ஆயினும், 1922இல் சிறு சங்கங்கள் பெவினிடம் சொன்ன அச்சங்களும் இவையே அல்லவா? அன்று அவர் பரிகாரம் கண்டார். இன்று அச்சத்தையே முடிவாக்கிக்கொண்டார். உள்ளே புகுந்து, அந்தப் பொது அதிகாரத்தைத் தொழிலாளருக்கு நலம் தரும்படி திருத்தியமைக்கும் ஆற்றல் ஐரோப்பாவில் எவருக்கேனும் இருந்ததென்றால் அது பெவினுக்கே இருந்தது. பார்லிமெண்டு விவாதத்தில் சர்ச்சிலின் எதிர்க்கட்சி சர்க்காரைக் கண்டித்தது. எட்வர்டு ஹீத் என்னும் இளம் அங்கத்தினர் தம் கன்னிப் பேச்சிலேயே ஷூமன் திட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று வாதாடினார். ஆனால் 1951 அக்டோபரில் அதிகாரம் கைக்கு வந்தபின் சர்ச்சிலும் சேரவில்லை. ஆகவே இது ஒரு கட்சியின் பிழையன்று; ஒரு தலைமுறையின் மனப்பான்மை.

பெவின் 1951 மார்ச்சு 9ந் தேதி, தம் எழுபதாவது பிறந்த நாளன்று, அந்நிய நாட்டு இலாகாவை விட்டு நீங்கினார். ஏப்ரல் 14ந் தேதி காலமானார். நான்கு நாள் கழித்து, பாரிஸில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்னும் ஆறு நாடுகளும் நிலக்கரி, உருக்கு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வண்டியோட்டியின் அஸ்தி அரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வெளியே நின்ற கூட்டோ வளர்ந்துகொண்டே சென்றது.

பின் நடந்ததைச் சுருக்கமாகக் கூறி முடிப்போம். அந்த ஆறு நாடுகள் 1957இல் ரோமாபுரியில் பொதுச் சந்தை கண்டன. 1961இல் பிரிட்டன் மனுப்போட்டது; 1963 ஜனவரியில் பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் கதவைச் சாத்தினார்; 1967இல் மறுபடியும் சாத்தினார். 1973 ஜனவரி முதல் தேதி, பிரதம மந்திரியாகிவிட்ட அந்த ஹீத்தே நாட்டை உள்ளே அழைத்துச் சென்றபோது, விவசாய மானியம் முதல் மீன்பிடிப்பு வரையில் விதிகளெல்லாம் மற்றவர்களால் எழுதப்பட்டிருந்தன. பந்திக்கு முந்த வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு; பிந்தி வந்தவன் மீந்ததை உண்ணத்தான் வேண்டும். அந்தக் கசப்பு அடங்கவேயில்லை. 2016 பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேர் வெளியேற வாக்களித்ததற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், வேர் 1950இல் இருக்கிறது.

கீழக்குயில்குடி வாலிபர்களுக்கு நாம் கூறும் விடை இதுதான். சாம்ராஜ்யம் ஆளப்பட்டவர்களை மட்டும் கெடுக்கவில்லை, ஆண்டவர்களையும் கெடுத்தது. கட்டளையிடவும் தெரியும், தனித்து நிற்கவும் தெரியும். சமமானவர்களோடு சமமாக உட்கார்ந்து, சில வேளை விட்டுக்கொடுத்துச் சில வேளை பெற்றுக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவர்களுக்குக் கைவரவில்லை. தம் வகுப்பாரிடையே அப்பழக்கத்தை வளர்த்த பெவினே, தேச மந்திரியானவுடன் அதை மறந்தார் என்றால், அந்த மயக்கத்தின் வலிமையை என்னென்பது!

நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கேளாமலே சேர்த்து நுகத்தில் பூட்டுவது ஐக்கியமன்று. அதை 1914 முதல் இவ்வூர் அனுபவித்தது. ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தபோதுதான் இவ்வூரார் நிமிர்ந்து நின்றனர். ஆனால் அந்தக் கசப்பினால், சமமாகச் சேரும் கூட்டையும் சந்தேகித்து ஒதுங்கி நின்றால் உரிமை காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணுவதும் தவறு. வரப்புத் தகராறோ, கண்மாய்ப் பங்கீடோ, மாகாண உரிமையோ, எதுவாயினும் விதி எழுதப்படும் நாளில் அங்கே இருக்க வேண்டும். நம் தட்டில் விழும் பங்கு இவ்வளவுதானா என்று 1920இல் பெவின் காட்டியது போலக் காட்டி வாதாட வேண்டும். அந்தப் பெவினைப் பின்பற்றுங்கள். 1950ஆம் வருஷத்துப் பெவினைக் கண்டு எச்சரிக்கை கொள்ளுங்கள்.